டான்சிங் ரோஸின் கால்கள்

வடசென்னைக்காரர்களுக்கு வெளிநாட்டுப் படங்களைக் கையில் எடுத்துக் கொடுத்தது பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969இல் ராஜாஜி சாலை ஓரமாக, துறைமுகத்துக்கு எதிரே வரிசையாக முளைத்த கடைகள் அவை. டிவிடி காலத்தில் அங்கே போய் நின்று, "பாக்ஸிங் படம் ஏதாச்சும் இருக்கா அண்ணே?" என்று கேட்டால், கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் பெட்டிக்குள் விரலை ஓட்டி நாலைந்து உறைகளை உருவிப் போடுவார். அட்டையில் ஸ்டாலோன் இருப்பார். உள்ளே வேறு யாராவது இருக்கலாம். பாதிப் படத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நின்றும் போகலாம். திரும்பக் கொண்டுபோனால் வேறு தட்டு கிடைக்கும்.

அதற்கும் முந்தைய தலைமுறைக்கு டெக்கு. தெருவே காசு போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து, ஒரே ராத்திரியில் மூன்று படம். பெரியவர்களுக்காக எம்.ஜி.ஆரோ சிவாஜியோ முதலில், அப்புறம் ரஜினி. மூன்றாவது படம் ஓடும்போது முழித்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே, தியேட்டருக்குப் போகாமல் படம் பார்ப்பது ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் பழகிய சங்கதிதான். ஸ்ட்ரீமிங் புதிதாகக் கொண்டுவந்தது, படத்தைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்திப் பார்க்கும் வசதியை. டெக்கிலும் நிறுத்துவதற்குப் பொத்தான் இருந்தது. தெருவே உட்கார்ந்திருக்கும்போது அதில் கை வைக்கத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை. தனியாக, ஆறு அங்குலத் திரையில், ஒரு சண்டையைப் பின்னோக்கி ஓட்டி மறுபடி பார்க்கலாம் என்ற நிலை வந்தபோதுதான் வடசென்னை ரசிகனின் கண்ணுக்கு வேறு வகை வேலை கிடைத்தது. அந்த வேலையைக் கற்றுக்கொடுத்த படம், பொருத்தமாக, வடசென்னையைப் பற்றிய படமாகவே அமைந்தது.

இந்தியாவில் ஹாட்ஸ்டார் 2015இலும், நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியிலும், அமேசான் பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தன. எண்ணூர் ஹைரோட்டில் இந்தப் பெயர்கள் செலாவணியானதற்கு முக்கியக் காரணம், இடையில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீர் விலைக்குக் கொண்டுவந்ததுதான். அப்போதும் புதுப் படம் என்றால் தியேட்டர், பழைய படம் என்றால் போன் என்ற பாகப்பிரிவினை தெளிவாகவே இருந்தது. 2013இல் வெளியான 'விஸ்வரூப'த்தை டிடிஎச்சில் முதலில் காட்டப்போவதாகக் கமல்ஹாசன் சொன்னபோது தியேட்டர்காரர்கள் கொதித்ததும் இந்தப் பாகப்பிரிவினைக்காகத்தான். கொரோனா அதைக் கலைத்துப் போட்டது. 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' தியேட்டர் வாசலை மிதிக்காமலே ஆப்புக்குப் போனது. நவம்பரில் 'சூரரைப் போற்று'. அதே 2020இல்தான், 1967 முதல் தண்டையார்பேட்டையில் நின்ற, ஆயிரம் பேர் உட்காரக்கூடிய அகஸ்தியா தியேட்டரும் மூடப்பட்டது.

இந்தச் சூழலில் 2021 ஜூலை 22 அன்று பிரைமில் வெளியானது பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. இரண்டாம் அலையில் மூடிய தியேட்டர்கள் தமிழ்நாட்டில் மறுபடி திறந்தது ஆகஸ்ட் 23 அன்று. ஒரு மாத இடைவெளியில், தங்கள் ஊர்க் கதையை விசிலோடும் காகிதச் சிதறலோடும் பார்க்கும் வாய்ப்பு வடசென்னைக்கு நழுவியது. ஆண்டுச் சந்தா அப்போது 999 ரூபாய். ஒருவர் கட்டினால் நாலு வீட்டில் ஓடும். கட்டாதவர்களுக்கு டெலிகிராம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும்.

எமர்ஜென்சியை ஒட்டிய எழுபதுகளின் மெட்ராஸ். சார்பட்டா, இடியாப்பம் என்று இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள். இவை கற்பனைப் பெயர்கள் இல்லை. கித்தேரி முத்து போன்ற பாக்ஸர்களை இன்றும் பேர் சொல்லிப் பேசுகிற பகுதி இது. ரங்கன் வாத்தியாராக பசுபதி, அவருக்கு ஏகலைவனாக இருந்து ரிங்கில் ஏறும் கபிலனாக ஆர்யா, எதிரே வேம்புலியாக ஜான் கொக்கேன். இவர்களுக்கு நடுவே, சில காட்சிகளே வந்து படத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் டான்சிங் ரோஸ்.

அந்தப் பாத்திரத்தில் நடித்த ஷபீர் கல்லரக்கல் நாடக மேடைப் பழக்கம் உள்ளவர். அது தெரிகிறது. கபிலனோடு அவர் மோதும் சண்டையை முதல் தடவை பார்ப்பவருக்கு, ஒரு விசித்திரமான ஆள் குதிக்கிறான் என்பது மட்டும்தான் பிடிபடும். இரண்டாவது தடவை, ஒலியைக் குறைத்துவிட்டு, கால்களை மட்டும் பார்க்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு முகத்தைத் தாராளமாக நீட்டுகிறார். இடுப்பை ஒடித்துக் கீழே போகிறார். எதிராளி குத்தும் நொடியில் அந்த முகம் அங்கே இருப்பதில்லை. ஒரு துள்ளலுக்கும் அடுத்த துள்ளலுக்கும் நடுவே கால் தரையில் ஊன்றாத ஒரு கணம் வருகிறது. கபிலன் முதலில் கைகளைப் பார்த்து ஏமாறுகிறான், அடி வாங்குகிறான். பிறகு அந்த ஆட்டத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது என்று கண்டுகொள்கிறான். தாளம் இருந்தால் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்துவிடும். சண்டை முடிந்துபோவது அந்த இடத்தில்தான். கீழே விழுவது அதற்குப் பிறகு நடக்கிற சடங்கு.

தியேட்டரில் வெளிவந்திருந்தால் டான்சிங் ரோஸ் வரும்போது கூரை பிய்ந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் கபிலனின் கண் எப்போது கையிலிருந்து காலுக்கு இறங்குகிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? போனில் பார்த்தவர்கள் கவனித்தார்கள். பத்து விநாடி பின்னால் தள்ளும் அந்த வளைந்த அம்புக்குறியை விரல் தேயத் தட்டினார்கள். அங்கிருந்து யூடியூபுக்குப் போய், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஏமன் நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, 1995இல் ஃபெதர்வெயிட் உலகப் பட்டம் வென்ற நசீம் ஹமீதின் சண்டைகளைத் தேடி எடுத்தார்கள். கயிற்றின் மேல் கையூன்றிக் குட்டிக்கரணம் அடித்து ரிங்குக்குள் இறங்கும் அந்த மனிதருக்கும் ரோஸுக்கும் உள்ள உறவு பார்த்தவுடன் தெரிந்துவிடும். அப்படியே முகமது அலிக்கும் போனார்கள். 1980இல் அலி மெட்ராஸுக்கே வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டவர். அதை நேரில் பார்த்த பெரியவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும்.

நிறுத்திப் பார்ப்பதில் இன்னொரு லாபம், சுவர்கள். கலை இயக்குநர் த.ராமலிங்கம் எழுப்பிய அந்தத் தெருக்களில் உதயசூரியன் சின்னங்களும், கொடிகளும், தலைவர்கள் படங்களும், 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று கூவும் விளம்பரங்களும் நிறைந்திருக்கின்றன. ஓட்டத்தில் இவை வெறும் பின்னணி. நிறுத்தினால் கதை. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது என்பதை அறிந்த ரசிகனுக்கு, ரங்கன் வாத்தியாரின் கறுப்பு சிவப்புக்கு என்ன நேரப்போகிறது என்று சுவரே முன்கூட்டிச் சொல்லிவிடும். கபிலனின் வீட்டில் மாட்டியிருக்கும் படங்கள் இன்னொரு அரசியலைச் சொல்கின்றன. ரஞ்சித்தோடு சேர்ந்து இந்தப் படத்தை எழுதிய தமிழ்ப்பிரபா, 'பேட்டை' நாவலில் சிந்தாதிரிப்பேட்டையின் பேச்சைத் துல்லியமாகப் பிடித்தவர். ஜான் விஜய்யின் 'டாடி' ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டால், ராயபுரத்திலும் பெரம்பூரிலும் ரயில்வே வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்களின் பேச்சு வாடை அடிக்கும்.

சரி, இழந்தது என்ன? விசிலை இழந்தோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரிய இழப்பு இடைவேளை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. தமிழ்ப் படம் ஒன்றாகத் தைத்த இரண்டு படம். முதல் பாதி ஒரு முடிச்சில் நிற்கும். சனம் வெளியே வந்து, சமோசா தின்று, 'அடுத்து இன்னா நடக்கும்' என்று சண்டை போட்டுவிட்டு உள்ளே போகும். சார்பட்டாவில் வேம்புலியைக் கபிலன் சாய்க்கப்போகும் நேரத்தில் கலவரம் வெடிக்கிறது. ரிங்கிலேயே அவன் உடையை உருவி அவமானப்படுத்துகிறார்கள். அதே மூச்சில் வாத்தியாரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அவ்வளவு கனத்தைச் செரிக்க ரசிகனுக்குப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். ஆப்பில் அது கிடையாது. குடித்துக் குடித்துக் கபிலன் சரிந்துபோகும் பகுதி உடனே தொடங்கிவிடுகிறது. இரண்டாம் பாதி இழுவை என்ற முணுமுணுப்பு அந்த வாரம் பரவலாகக் கேட்டது. படத்தின் நீளம் 173 நிமிடம், கொஞ்சம் வெட்டியிருக்கலாம்தான். ஆனாலும் அந்த இழுவையில் கால்வாசிப் பழியை இயக்குநரின் மேல் போடாமல், இடைவேளை இல்லாத திரையின் மேல் போடுவதுதான் நியாயம். கடற்கரையில் பீடி ராயப்பன் கபிலனைப் பழைய உடம்புக்கு மீட்டெடுக்கும் காட்சிகள், மூச்சு வாங்கிவிட்டு உட்கார்ந்து பார்த்தால், படத்தின் மிக அழகான பகுதிகளில் ஒன்று.

இரண்டாவது இழப்பு ஒலி. சந்தோஷ் நாராயணனின் இசை அடிவயிற்றில் அதிர வேண்டியது. போன் ஸ்பீக்கரில் குத்து விழும் சத்தம் தகர டப்பாவைத் தட்டியதுபோல் வருகிறது. முரளியின் ஒளிப்பதிவில் ரிங்குக்கு மேலே தொங்கும் விளக்குகளின் மஞ்சளும், அதைச் சுற்றியிருக்கும் இருட்டில் பிதுங்கும் முகங்களும் பகல் வெளிச்சத்தில் போனில் பார்த்தால் கரைந்துபோய்விடும். ஹெட்போனைப் போட்டு, விளக்கை அணைத்துப் பார்த்தவர்களுக்கு வேறு படம் கிடைத்தது.

இழப்புக் கணக்கில் வராதவர்களும் உண்டு. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு முதல் நாள் முதல் காட்சி எந்தக் காலத்திலும் கைக்கு எட்டியதில்லை. நைட் ஷிப்ட் முடிந்து, வை-ஃபை இருக்கும்போதே இறக்கி வைத்த படத்தைக் கும்மிடிப்பூண்டி லோக்கலில் விம்கோ நகருக்கும் ராயபுரத்துக்கும் நடுவே தவணை முறையில் பார்த்து முடிப்பவர் அவர். சண்டைப் படம் என்றால் ஆம்பிளைகள் விவகாரம் என்று வீட்டில் விட்டுப்போகப்படும் பெண்களும் இந்த முறை முதல் நாளே பார்த்தார்கள். அவர்களுக்குப் படம் வேறு இடத்தில் தொடங்கியது. பாக்ஸிங் பக்கமே போகாதே என்று மகன் கபிலனைத் துடைப்பத்தால் விளாசும் பாக்கியம், கல்யாண ராத்திரியில் தானே எழுந்து ஆடும் அவன் மனைவி மாரியம்மா. அனுபமா குமாரும் துஷாரா விஜயனும் நடித்த இந்தக் காட்சிகளைப் பற்றி அடுப்படியில் நடந்த விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. வந்திருந்தால் ரங்கன் வாத்தியாருக்கும் இரண்டு குத்து விழுந்திருக்கும்.

கூட்டம் சேர முடியாத ரசிகர்கள் வேறு வழியில் கூடினார்கள். ரங்கன் வாத்தியாரைச் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து கபிலன் மிதித்துப் போகும் காட்சி ஒரே வாரத்தில் ஊரெங்கும் மீமாகப் பரவியது. வாத்தியார் இடத்தில் அரசியல்வாதியை உட்காரவைத்தார்கள், கிரிக்கெட் வீரரை உட்காரவைத்தார்கள், கபிலனை இமயமலைக்கும் மிதிக்கவைத்தார்கள். படத்தில் அது சாதாரணமாகக் கடந்துபோகும் காட்சி. தியேட்டரில் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். நிறுத்திப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான், பசுபதியின் முகத்தில் இருக்கும் அந்தக் கடுகடுப்பும், மிதிப்பவனின் பெருமையும் ஒரே சட்டகத்தில் சிக்கும்.

2023 மார்ச்சில் இரண்டாம் பாகத்தை ரஞ்சித்தும் ஆர்யாவும் அறிவித்தார்கள். டான்சிங் ரோஸ் மறுபடி வருவாரா என்பதுதான் உடனே கிளம்பிய கேள்வி. அந்தப் படம் பெரிய திரையில் வந்தால், காலைப் பார்க்கப் பழகிவிட்ட இந்த ரசிகர்கள் பால்கனியில் உட்கார்ந்து, ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி ஆபரேட்டரைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள்.