சுவரொட்டி வைத்தியமும் சத்தமில்லாத கிருமிகளும்

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் ஏறி மதுரைக்கு வந்து படிக்கிறவர்களுக்கு அந்தத் தாள் நன்றாகத் தெரிந்திருக்கும். பேருந்து நிலையக் கழிப்பிடத்தின் சுவரில், சரியாகக் கண் மட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும். நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், மேகவெட்டை, கிரந்திப் புண் என்று ஒரு பட்டியல். மாதத்தில் இன்ன தேதியில், இன்ன லாட்ஜில், இன்ன அறையில் பரம்பரை வைத்தியரைச் சந்திக்கலாம் என்று ஒரு குறிப்பு. ரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழி கடைசி வரியில்.

பால்வினை நோய்களுக்கு இப்படி மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்திருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சுவரில் பசை காயவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்தத் தாளுக்குள் ஒளிந்திருக்கும் விஞ்ஞானப் பிழையை. நோய் இருந்தால் உடம்பில் தெரியும், தெரியாவிட்டால் நோய் இல்லை என்பதே அந்தப் பிழை. இதை வைத்தியர் மட்டும் சொல்லவில்லை. நம் சினிமாவும் சொல்லியிருக்கிறது. நம் அரசின் சிகிச்சைத் திட்டம்கூட ஓரளவு இதே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

முதலில் வைத்தியரின் கைராசியைப் பார்ப்போம். கிரந்தி என்றும் பறங்கிப்புண் என்றும் சொல்லப்படும் சிபிலிஸ் நோயை உண்டாக்குவது டிரிப்போனீமா பாலிடம் என்னும் திருகு வடிவ நுண்ணுயிர். ஷௌடின், ஹாஃப்மன் என்ற இரு ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1905இல் இதைக் கண்டுபிடித்தார்கள். கிருமி புகுந்து சுமார் மூன்று வாரத்தில், அது புகுந்த இடத்தில் ஒரு புண் தோன்றுகிறது. அந்தப் புண் பொதுவாக வலிப்பதில்லை. மறைவான இடத்தில் இருந்துவிட்டால், முக்கியமாகப் பெண்களுக்கு, அது வந்ததே தெரியாது. மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், எந்த மருந்தும் இல்லாமலே, தானாக ஆறியும் விடுகிறது.

இப்போது லாட்ஜ் அறைக்கு வாருங்கள். பயந்துபோன இளைஞன் ஒருவன் புண்ணோடு வருகிறான். வைத்தியர் ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்லி லேகியம் கொடுக்கிறார். மண்டலம் முடிவதற்குள் புண் மறைகிறது. அப்புறம் வைத்தியரின் புகழுக்குக் கேட்க வேண்டுமா? ஆனால் கிருமி எங்கும் போய்விடவில்லை. அது இரத்தத்தில் கலந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவந்த தடிப்புகள் தோன்றலாம். அவை பெரும்பாலும் அரிப்பதில்லை. அவையும் தானாக மறையும். பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரே அமைதி. இந்தக் காலத்தில் நோயைக் காட்டிக் கொடுப்பது இரத்தப் பரிசோதனை ஒன்றுதான். சிகிச்சை பெறாதவர்களில் ஒரு பகுதியினருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து இதயத்திலோ மூளையிலோ அது தன் வேலையைக் காட்டும். கர்ப்பிணியின் உடலில் இருந்தால் குழந்தை இறந்தே பிறக்கலாம். இத்தனைக்கும் ஆரம்ப நிலையில் கண்டுபிடித்துவிட்டால் வேண்டியது 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், ஒரே வேளை ஊசி. எண்பது ஆண்டுகளாக இந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்கியே போகிறது.

பறங்கிப்புண் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ச்சுகீசியர் வருகையை ஒட்டி இங்கே பரவிய நோய் என்பதால் நம்மவர்கள் அவர்கள் பெயரையே அதற்கு வைத்தார்கள். இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். எந்த நாட்டைக் கேட்டாலும் நோய் பக்கத்து நாட்டிலிருந்துதான் வந்திருக்கிறது!

இனி சினிமா. விளம்பரத் தடைச் சட்டம் பிறந்த அதே 1954இல்தான் ‘இரத்தக்கண்ணீர்’ படமும் வெளிவந்தது. எம்.ஆர். ராதாவின் நடிப்பைக் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தக் குரலை இன்றும் மதுரைப் பக்கத்து மேடைகளில் பையன்கள் பேசிக் காட்டுகிறார்கள். ஆனால் கதாநாயகன் மோகனசுந்தரத்துக்கு வரும் நோய் எது? குஷ்டம். மனைவியை ஒதுக்கிவிட்டுக் காந்தாவே கதியென்று கிடந்த சீரழிந்த வாழ்க்கையின் பலனாக அது வருவதாகத்தான் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873லேயே கண்டுவிட்டார். அது பால்வினை நோயே அல்ல. படம் ஒரே அடியில் இரண்டு தீங்குகளைச் செய்தது. தொழுநோயாளி ஒவ்வொருவரின் ஒழுக்கத்தின் மேலும் சந்தேகத்தை ஏற்றியது. பால்வினை நோய் என்றால் விரல் மடங்கி முகம் விகாரமாகும் என்று மக்களை நம்ப வைத்தது. கடைசியில் நாயகன் தன் நோயுற்ற உருவத்தையே சிலையாக வைக்கச் சொல்கிறான். அந்தச் சிலை நம் மனத்தில் இன்னும் நிற்கிறது.

2007இல் வந்த ‘மிருகம்’ படத்தில் கிருமி சரியான கிருமிதான். ஊரை மிரட்டித் திரிந்த முரடன் எய்ட்ஸ் நோயில் எலும்பும் தோலுமாகிறான். ஆனால் எலும்பும் தோலுமாவதற்கு முன்னால், அவன் கட்டுடலோடு நடமாடிய ஆண்டுகளில்தானே கிருமி மற்றவர்களுக்குப் போயிருக்கும்? காமிராவுக்கு அந்த ஆண்டுகளில் அக்கறை இல்லை.

1986இல் சென்னையில் நடந்த நிஜச் சம்பவத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவியாக இருந்த நிர்மலா, அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அந்த வைரஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான். அவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளாக ஆஸ்பத்திரியைத் தேடி வந்தவர்கள் அல்லர். சினிமாக்காரர்கள் பார்த்திருந்தால் ஒரு காட்சிக்கும் தேறமாட்டார்கள் என்று விட்டிருப்பார்கள்.

இந்த உண்மைக்கு மிக அருகே வந்தது, எனக்குத் தெரிந்தவரை, 2000க்குப் பின் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்ட ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ விளம்பரம்தான். அதில் பயங்கரப் படம் இல்லை. கேள்வி மட்டும் இருந்தது. பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றைக் கேள்வியாகக் கேட்பது விஞ்ஞான முறைக்கு நெருக்கமானது. துரதிருஷ்டவசமாகப் புள்ளிராஜா ஒரு கேலிப் பெயராகிப் போனான். வருமா என்று ஊரே சிரித்தது. சோதித்தாயா என்று கேட்டவர் குறைவு.

எய்ட்ஸ் பற்றியாவது பேச்சு உண்டு. கிளமிடியா என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே புதிதாக ஏற்பட்ட கிளமிடியாத் தொற்றுகள் 12 கோடியே 90 லட்சம். வெட்டை நோய் என்று நாம் சொல்லும் கொனோரியா 8 கோடியே 20 லட்சம். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும், ஆண்களில் கணிசமானவர்களுக்கும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. சுவரொட்டிப் பட்டியலில் அதன் பெயர் இல்லாததற்கு இதுவே காரணம். தெரியாத நோய்க்கு யார் காசு கொடுப்பார்கள்?

அது பெண்ணின் உடலில் செய்யும் வேலையைக் கவனியுங்கள். கர்ப்பப்பையின் வாயிலிருந்து மெல்ல மேலேறிக் கருக்குழாய்களை அடைகிறது. அங்கே அழற்சி உண்டாகித் தழும்பு விழுகிறது. குழாய் அடைபட்டால் கரு தரிப்பதில்லை. பாதி அடைபட்டால் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். குழாய் அடைப்புக்குக் காசநோய் போன்ற வேறு காரணங்களும் நம் நாட்டில் உண்டு. எல்லாவற்றையும் கிளமிடியாவின் தலையில் போட முடியாது. ஆனால் கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் குழந்தையில்லை என்று ஒரு பெண்ணைக் கோயில் கோயிலாக அழைத்துக்கொண்டு போகிறோமே, அவளுக்கு அந்தக் கிருமியைக் கொடுத்தவன் தனக்கு எதுவும் இல்லையென்று உண்மையாகவே நம்பிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். சொல்லடி வாங்குவது மட்டும் அவள்.

இங்கேதான் அரசுத் திட்டத்தின் குறையும் தெரிகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஏற்பாட்டில் பால்வினை நோய்களுக்கான மருந்துகள் நிறம் பிரித்த பொட்டலங்களாக வருகின்றன. கழிவு வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம், கொப்புளமாக இருந்தால் சிவப்பு என்று மொத்தம் ஏழு. சோதனைக்கூடம் இல்லாத ஊரிலும், வந்த அன்றே சிகிச்சை கிடைக்கச் செய்த புத்திசாலித்தனமான முறை இது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் அறிகுறியோடு வருகிறவர்களுக்குத்தான் பொட்டலம். அறிகுறி இல்லாதவருக்கு நிறமே கிடையாது. கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் கேட்காமலே சோதனை நடக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் கிளமிடியாவால் கருவே தரிக்காதவள் அந்த வரிசைக்கு எப்படி வந்து சேருவாள்? கிருமியின் மரபுப் பொருளைக் கண்டுபிடிக்கும் நவீனச் சோதனை இருக்கிறது. அதன் செலவு அதிகம் என்கிறார்கள். கருத்தரிப்பு மையங்களில் நம் குடும்பங்கள் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவாக எனக்குத் தோன்றவில்லை.

லாட்ஜ் வைத்தியரிடம் ஒரு பலம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பெயர் கேட்பதில்லை, வீட்டுக்குத் தெரியுமா என்று அதட்டுவதில்லை. பால்வினை நோய்ப் பிரிவு என்ற பலகையின் கீழ் வரிசையில் நிற்கக் கல்லூரி மாணவனுக்குக் கூச்சமாகத்தான் இருக்கும், மாணவிக்கு அதைவிட. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் நிபுணர்களும் மருந்தும் இருந்தும் தாளைப் பார்த்து லாட்ஜுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அரசின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 1097 என்ற எண்ணுக்குப் பேசினால் விவரம் சொல்வார்கள், கட்டணம் இல்லை. இவ்வளவையும் ஒரு மஞ்சள் தாளில் அச்சடித்து அதே கழிப்பிடச் சுவரில் ஒட்டினால் என்ன?

சோதனைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் நாளுக்கு மறுநாளே இரத்தம் கொடுத்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது அவசியம். சிகிச்சை தேவைப்பட்டால் துணையும் சேர்ந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் மாத்திரை விழுங்கினால் கிருமி மற்றவரிடமிருந்து திரும்பி வந்துவிடும்.