பட்டியலில் தொலையும் துப்பாக்கி

இலங்கை மலையகத்தில் ஒரு காலத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமாருக்கென்றே சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் படை இருந்தது, 1949இல் கலைக்கப்பட்டது. அவர்கள் எந்தத் துப்பாக்கியை ஏந்துவது என்பதை லண்டன் தீர்மானித்தது. நுவரெலியா மழைக்கும் மூட்டத்துக்கும் அது ஒத்துவருமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிற்பாடு உள்நாட்டுப் போர் இலங்கை இராணுவத்தின் கையில் சீனத்து ரி-56ஐக் கொடுத்தது. நெருக்கடியில் வந்த துப்பாக்கிதான், இன்றும் நிலைத்திருக்கிறது. காரணம் எளிது: அது கலாஷ்னிகோவ் வார்ப்பு, சேற்றிலும் தூசியிலும் சோதிக்கிற வேலையை வேறு நாடுகள் முன்பே முடித்திருந்தன.

துப்பாக்கி வாங்குவதில் இந்தியாவின் வழி வேறு. எடை, தூரம், ரவை என்று படைத் தலைமையகம் முதலில் தேவைப் பட்டியல் எழுதும். அப்புறம் விலைமனு, பாலைவனத்திலும் பனிமலையிலும் சோதனை, பேரம். இந்த நிதானத்தின் பலனை மறுக்க முடியாது. 2017இல் இஷாபூர் தொழிற்சாலையின் துப்பாக்கியைத் தகுதியற்றது என்று திருப்பி அனுப்பியது சோதனைதான். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற சலுகை அங்கே செல்லவில்லை.

ஆனால் சோதனையில் சுடப்படுவது மாதிரித் துப்பாக்கி. சிப்பாய்க்குக் கிடைப்பது தொழிற்சாலைத் துப்பாக்கி. 1999 கார்கில் போரில் இந்தியப் படை ஏந்திய இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மெகசின்கள் குளிரில் விரிசல் விட்டன. சுடுகிறவரின் கண்ணில் எண்ணெய் தெறித்தது என்றும் புகார் வந்தது. ஜனவரி உறைபனியில் தேயிலைத் துளிர் கருகுவதைப் பார்த்திருக்கும் நமக்கே கார்கில் சிகரக் குளிர் கற்பனைக்கு எட்டாது. அமெரிக்காவின் கதை இன்னும் மோசம்: எம்-16 துப்பாக்கிக்கான ரவையின் வெடிமருந்தை மாற்றிவிட்டு, துடைக்கும் கருவிகளையும் போதுமான அளவு தராமல், அந்தத் துப்பாக்கியை வியட்நாமுக்கு அனுப்பினார்கள். சண்டை நடுவே துப்பாக்கி சிக்கிக்கொண்டது.

பெரிய குறை சோதனைக்கு முந்திய கட்டத்தில் இருக்கிறது. 2011இல் இந்தியா கேட்டது, குழலை மாற்றினால் இரண்டு அளவு ரவைகளையும் சுடும் ஒரே துப்பாக்கி. எல்லாம் வேண்டும் என்ற பட்டியலுக்கு எதுவும் தேறவில்லை. 2015இல் விலைமனு ரத்தானது. இதற்கிடையே கருத்தும் மாறியது. நிறையச் சுமக்கலாம் என்று புகழப்பட்ட 5.56 மி.மீ. சிறு ரவை போய், ஒரே குண்டில் எதிரியை வீழ்த்தும் பெரிய ரவை வேண்டும் என்றார்கள். 2019இல் அவசர வழியில் 72,400 சிக்-716 துப்பாக்கிகள் வாங்கப்பட்டன. 2021 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் 6,01,427 ஏகே-203 துப்பாக்கிகள் செய்ய ஒப்பந்தமானது. அதுவும் கலாஷ்னிகோவ்தான், ரி-56 சுடும் அதே அளவு ரவை!

ஆகவே, நீண்ட சோதனை நல்லது, நீளும் பட்டியல் கெட்டது. பட்டியலை ஒருமுறை எழுதிப் பூட்டிவிட வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் முதல் தொகுதியைச் சில படையணிகளிடம் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் கொடுத்து, கோப்ரல்மாரின் புகார்களை எழுத்தில் வாங்கிய பிறகே மொத்தக் கட்டளை போகவேண்டும்.