தொறு முதல் தொழிற்பேட்டை வரை: எல்லை மண்ணில் இலக்கியக் கலைச்சொற்கள்

இலக்கியக் கலைச்சொற்கள் என்றால் தேர்வுக்கு மனப்பாடம் செய்த பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உவமை, உருவகம், உள்ளுறை, இறைச்சி என்று இலக்கண நூலில் ஒரு வரிசை; படிமம், குறியீடு, தொன்மம், நனவோடை என்று திறனாய்வு நூலில் இன்னொரு வரிசை. இந்தச் சொற்களில் பல, ஒரு காலத்தில் கண்ணெதிரே நடந்தவற்றுக்கு வைத்த பெயர்கள். அந்த நடப்பை மீண்டும் கண்ணெதிரே கொண்டுவந்தால் சொல் தானே விளங்கும். இதற்குக் கர்நாடக, ஆந்திர எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைப் போல் வாய்ப்பான இடம் தமிழகத்தில் அரிது. பழங்கால வீரர்களுக்கு நட்ட கற்களும் இன்றைய ஆலைகளும் அங்கே ஒரே மண்ணில் நிற்கின்றன.

கல்லில் எழுந்த இலக்கணம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் அதியமான்களின் தகடூர் நாட்டோடு சேர்த்து எண்ணப்படுபவை. நடுகற்கள் இங்கே மிகுதி. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் பல கற்கள் உள்ளன. இன்னும் பல, வயலோரத்தில் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன.

அப்படியொரு கல்லின் முன் நின்று படித்துப் பார்க்கலாம். கையில் வில்லோ வாளோ ஏந்திப் பாயும் நிலையில் ஒரு வீரன். சில கற்களில் அவன் உடலில் அம்பு தைத்திருக்கும், பக்கத்தில் மாடு நிற்கும். அடுக்கு வைத்துச் செதுக்கிய கல்லானால் மேலடுக்கில் அவனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லும் பெண்கள். எழுத்துள்ள கல் அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்லி, இன்னாருடைய மகன் தொறு மீட்டுப் பட்டான் என்று முடித்துவிடும். தொறு என்றால் ஆநிரை. பட்டான் என்றால் இறந்தான். புகழுரைக்கு அங்கே இடமே இல்லை. சொற்சிக்கனம் எது என்று கேட்பவருக்கு இந்தக் கல்லைக் காட்டலாம்.

வெட்சி, கரந்தை என்ற புறத்திணைப் பெயர்களுக்கும் இக்கற்களே உயிருள்ள உரை. ஆநிரை கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்கியது. பிற்காலத்தில் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித்திணை ஆக்கியது. கலைச்சொல்லின் எல்லையும் காலத்துக்கேற்ப மாறும் என்பதை நம் மரபே ஒப்புக்கொண்டிருக்கிறது. கல் நடும் சடங்கைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் ஆறு துறையாகப் பிரிக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் இவற்றில் பெரும்படை நீங்கலான ஐந்தும் காதைகளின் பெயர்களாகின்றன. ஊரார் செய்த சடங்கு முதலில் இலக்கணத் துறையாகி, பிறகு காப்பியத்தின் கட்டமைப்பே ஆயிற்று.

முதல், கரு, உரி

தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காட்டோரங்களில் ராகி முற்றும் காலத்தில் யானைகள் இறங்குகின்றன. உழவர்கள் இரவெல்லாம் கண்விழித்துப் பயிரைக் காக்கிறார்கள். குறிஞ்சித் திணையின் தினைப்புனமும் பரணும் யானையும் நினைவுக்கு வராமல் இருக்காது. மலைச்சாரலும் நள்ளிரவும் முதற்பொருள்; ராகியும் யானையும் காவலும் கருப்பொருள். ஒழுக்கமும் உணர்வுமான உரிப்பொருள் மட்டும் மாறிவிட்டது. அன்று புனங்காவலில் காதலர் கூடினர். இன்று பயிர்க்கடனும் உயிரச்சமும் அங்கே விழித்திருக்கின்றன. அதே முதலும் கருவும் வேறோர் உரியைத் தாங்கும்போது புதுக்கதை பிறக்கிறது. எழுதத் தொடங்குபவருக்கு இதைவிடப் பயனுள்ள கருவி எளிதில் கிடைக்காது.

எல்லை அறியாத அணி

அணியிலக்கணத்துக்கு மாநில எல்லை கிடையாது. காஞ்சிப் பல்லவர் காலத்தவராகக் கருதப்படும் தண்டி, வடமொழியில் காவ்யாதர்சம் எழுதினார். ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னடத்தின் கவிராஜமார்க்கம் அதைத் தழுவி எழுந்தது. தமிழில் வீரசோழியத்தின் அலங்காரப் படலமும், பொருளணிகள் 35-ஐ வகுத்த தண்டியலங்காரமும் அதே வழியில் வந்தன. ஓசூரில் தமிழ் படிக்கும் மாணவரும் எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லில் கன்னடம் படிக்கும் மாணவரும் ஒரே ஆசிரியரின் வழிவந்த அணிகளைத்தான் கற்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் சொற்கள்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1916-இல் சேலத்தில் நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். தமிழில் எதையும் சொல்ல முடியும் என்ற அந்த நம்பிக்கை பின்னர் இலக்கியத் திறனாய்விலும் வேலை செய்தது. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் படிமம், உருவம், உத்தி போன்ற சொற்கள் விவாதத்தில் அடிபட்டுக் கூர்மையாயின.

இச்சொற்களைச் சோதித்துப் பார்க்க இந்த வட்டாரமே படைப்புகள் தந்திருக்கிறது. ஓசூரிலிருந்து எழுதிய பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ (2008) பதினெட்டாம் நூற்றாண்டுக்குச் சென்று, கதைக்குள் கதையாக விரிகிறது. மாய யதார்த்தம் என்ற ஒரே பெயரை ஒட்டிவிட்டு நகர்ந்தால் அந்த நாவலின் நீண்ட வாக்கியங்களும் வரலாற்றோடு அது நடத்தும் உரையாடலும் கண்ணுக்குத் தப்பிவிடும். ஓசூரிலிருந்தே ‘புதுவிசை’ இதழை நடத்திய ஆதவன் தீட்சண்யாவின் ‘மீசை என்பது வெறும் மயிர்’ கற்பனையான ஓர் எழுத்தாளரை மெய்யானவர்போல நம்முன் நிறுத்துகிறது. அதை மீபுனைவு எனலாம். ஆனால் சாதியை அது தாக்கும் விதத்துக்கு அங்கதம் என்ற பழஞ்சொல்லே நெருக்கமானது. வெளிப்படையாகத் தாக்குவதைச் செம்பொருள் அங்கதம் என்றும் மறைத்துத் தாக்குவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் தொல்காப்பியம் பிரித்துவைத்தது இந்த நாவலை வாசிக்கும்போது கைகொடுக்கிறது.

படிமமும் குறியீடும்

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் குழப்பிக்கொள்ளும் இணை இது. ஒரு கதையை நினைத்துக்கொள்வோம். மார்கழிப் பனியில், சிப்காட் தொழிற்பேட்டைச் சாலையோரம், நீலச் சட்டைக்காரர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஒவ்வொரு கழுத்திலும் அடையாள அட்டை. புலன்களில் பதியும் இந்தக் காட்சி படிமம். ஒப்பந்தம் முடிந்து வேலை போன பிறகு, ஒருவனுடைய அட்டை வீட்டு ஆணியில் தொங்குகிறது. அவன் மகள் அதை மாட்டிக்கொண்டு விளையாடுகிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இப்போது அதே அட்டை குறியீடு. அது இதைக் குறிக்கிறது என்று ஆசிரியர் விளக்கவேண்டியதில்லை. கதையின் போக்கே அதன்மேல் பொருளை ஏற்றிவிட்டது. குறியீட்டை முதலில் முடிவுசெய்துகொண்டு அதைச் சுற்றிக் கதை கட்டுபவர்கள் பெரும்பாலும் தோற்பது இதனால்தான்.

இன்னும் பிறக்காத சொல்

இவ்வளவு சொற்கள் இருந்தும் இந்த மண்ணின் பேச்சைச் சொல்ல நம்மிடம் சரியான சொல் இல்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, ஆலையில் தென்மாவட்டத்துத் தமிழையும் வடக்கின் இந்தியையும் கேட்டு வளர்பவர், ஒரே பேச்சில் இவற்றையெல்லாம் கலந்து புழங்குகிறார். இதை வட்டார வழக்கு என்றால் போதாது. ஒரு நிலத்தில் ஊறி நிலைத்த பேச்சைச் சுட்டவே அச்சொல் பழகியிருக்கிறது. பல மொழிகள் நாள்தோறும் மாறி மாறிப் புழங்கும் உரைநடையைத் திறனாய்வு இன்னும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. பெயரில்லாததால் அந்தப் பேச்சைத் திருத்தவேண்டிய பிழையாகவே பலர் பார்க்கிறார்கள்.

முதலில் வாசிப்பு, பிறகே கலைச்சொல். படைப்பை மறுபடியும் வாசிக்கத் தூண்டும் சொல்லே நல்ல கலைச்சொல். வாசிப்பை முடித்துவைக்கும் சொல் வெறும் முத்திரை. தொறு மீட்டவனுக்குக் கல் நட்ட வழக்கம் முன்னே இருந்தது. அதற்குத் துறை வகுத்த இலக்கணம் பின்னே வந்தது. ஓசூரின் பேச்சை அப்படியே துணிந்து எழுதும் கதைகள் பெருகட்டும். அவற்றை ஊன்றிப் படிப்பவர்கள் நமக்கு இல்லாத அந்தச் சொல்லை ஆக்கித் தருவார்கள்.