கீத் ஜரெற்: எழுதிய இசையும் எழுதா இசையும்

மேனாட்டுச் சங்கீதத்தில் எழுதி வைக்கப்பட்ட இசையே உயர்ந்தது, மேடையில் அவ்வப்போது கற்பித்து வாசிப்பது பொழுதுபோக்குக்கே உரியது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. பாக், மொசாட் ஆகியோர் தாமே கற்பனை வாசிப்பிற் பெயர் பெற்றவர் என்பதை இக்கொள்கையினர் எளிதில் மறந்துவிடுவர். இருவகை இசையையும் ஒருவரே கையாளின் விளைவது யாது என்பதை, அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் கீத் ஜரெற்றிடம் காணலாம்.

1945 இல் பென்சில்வேனியாவின் அலன்டவுன் நகரிற் பிறந்த ஜரெற், மூன்று வயது நிரம்புமுன்னரே பியானோ பயிலத் தொடங்கியவர். சாள்ஸ் லொயிட், மைல்ஸ் டேவிஸ் ஆகியோரின் குழுக்களில் வாசித்தபின், உருப்படி எதனையும் முன்னர் வகுத்துக்கொள்ளாது தனியே மேடையேறும் துணிவு அவருக்கு வந்தது. 1975 சனவரி 24 ஆம் நாள் இரவு, ஜேர்மனியின் கொலோன் நகர் ஒப்பெரா அரங்கில் நிகழ்ந்த கச்சேரி அவற்றுட் புகழ்மிக்கது. அன்று கிடைத்த பியானோ சிறியது. மேற்சுரங்கள் மெலிந்தும் கீழ்ச்சுரங்கள் வலிமையற்றும் ஒலித்தன. ஆகவே ஜரெற் பெரிதும் நடுச்சுரங்களிலேயே தங்கி, இடக்கையால் ஒரே அடியை மீண்டும் மீண்டும் வாசித்து ஒலிக்கு உரமூட்டினார். குறை நடையாயிற்று. எனினும், இரண்டு சுரக்கூட்டுக்களையே நெடுநேரம் சுற்றிவரும் பகுதிகளிற் கற்பனை அடுத்த வழியைத் தேடி நிற்பதும் செவிக்குப் புலனாகின்றது. இவ்விசைத்தட்டை இலட்சக்கணக்கானோர் வாங்கினர் என்பதற்காக அதனை மறைத்தல் வேண்டியதில்லை.

இத்தகையவர் 1987 இற் பாக்கின் நாற்பத்தெட்டுப் பிறெலூட்டு, பியூகுகளின் முதற்றொகுதியைப் பதிவு செய்தபோது, ஜாஸ் அன்பர் எதிர்பார்த்தது வேறு. பிரான்சியரான ஜாக் லூசியே 1959 முதலே பாக்கின் இசைக்கு முரசும் பேஸும் கூட்டி வாசித்திருந்தார். ஜரெற்றோ சுரமொன்றையும் கூட்டவில்லை, உணர்ச்சியை மிகைப்படுத்தவுமில்லை. இதனை வறட்சி எனல் பொருந்தாது. தம் கற்பனையை எங்கே அடக்கல் வேண்டும் என அறிந்தவரின் பணிவு அது. இரண்டையும் கலந்தவர் என அவரைப் போற்றுவோர் இவ்விடத்திற் பிழைபடுகின்றனர். பாக்கினுள் அவர் ஜாஸைப் புகுத்தவில்லை. பாக்கிடம் கற்ற குரல்களின் தனித்தியக்கமே அவரது கற்பனை வாசிப்பினுட் புகுந்தது. 1983 முதல் கரி பீக்கொக், ஜக் டிஜொனெற் ஆகியோருடன் பழைய பாடல்களை வாசித்த மூவர் குழுவிலே, கொலோன் கச்சேரியினும் மேலாக, இது தெளிவாகும்.

கொலோன் இசையை ஏட்டில் எழுதித் தருமாறு பலர் வேண்டியும் ஜரெற் நெடுநாள் இசையவில்லை. 1991 இல் அது அச்சேறியபோதும், ஐயம் எழுமிடத்து இசைத்தட்டே முடிவான சான்று என வலியுறுத்தினார். எழுதாது பிறந்த இசை எழுத்தானபின் பிறர் கையில் என்னாகும் என்னும் அச்சம் அதில் உண்டு. எழுதிய பாக்கை ஓர் எழுத்தும் பிசகாது வாசித்தவருக்கே அவ்வச்சம் தோன்றியது வியப்பன்று.

2018 இல் இருமுறை ஏற்பட்ட மூளைப் பக்கவாதத்தால் அவரது இடப்புறம் செயலிழந்தது. மீண்டும் பொதுமேடையில் வாசித்தல் அரிது என 2020 இல் அவரே அறிவித்தார். கொலோனில் அன்றிரவு வலுவற்ற பியானோவைத் தாங்கி நின்றதும் அவ்விடக்கையே.