சுமந்தவரின் மூச்சு

ஜோன் லொயிட் ஸ்டீபன்ஸின் மத்திய அமெரிக்கப் பயண நூலை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை ரொறன்ரோவில், ஒரு குளிர்காலத்தில், போர்வைக்குள் இருந்தபடி. இரண்டாம் தடவை மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில், பலேங்கே இடிபாடுகளுக்குப் போகும் வழியிலிருந்த மலிவான விடுதியொன்றில். முதல் வாசிப்பில் அது ஒரு சாகச நூல். இரண்டாவதில் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் நூலாகத் தெரிந்தது. கடைசியில் என்னையும் காட்டிக்கொடுத்தது.

நூல் 1841இல் வெளிவந்தது. ஸ்டீபன்ஸ் நியூயோர்க் வழக்கறிஞர். 1839இல் அமெரிக்க அரசின் தூதுவராக மத்திய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கூட்டாட்சி உடைந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. எந்த அரசிடம் தன் நியமனப் பத்திரத்தைக் கொடுப்பது என்று தேடிய நேரம் போக, மிச்ச நேரத்தில் இடிபாடுகளைத் தேடினார். கூடவே பிரெடெரிக் கதர்வுட் என்ற ஆங்கிலேய ஓவியர். கோப்பான், பலேங்கே, உஷ்மால் என்று கோவேறு கழுதையிலும் கால்நடையிலும் போனார்கள்.

நூலின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் இக்கட்டடங்களை எகிப்தியர் கட்டினார்கள், இஸ்ரவேலின் தொலைந்த கோத்திரத்தார் கட்டினார்கள் என்றெல்லாம் கற்றவர்களே எழுதினார்கள். வால்டெக் என்ற ஓவியர் பலேங்கேயின் எழுத்துகளுக்குள் யானைத் தலைகளைக் கண்டுபிடித்தார். ஸ்டீபன்ஸ் இதையெல்லாம் ஒதுக்கினார். இந்த மண்ணின் மக்களுடைய முன்னோரே இவற்றைக் கட்டினார்கள் என்றார். கல்லில் இருப்பது அலங்காரமல்ல, அவர்களின் வரலாறு என்றார். கதர்வுட் யானை எதையும் சேர்க்கவில்லை. சேற்றில் நின்று, நுளம்புக்குப் பயந்து கையுறை போட்டுக்கொண்டு, இருந்ததை இருந்தபடி வரைந்தார்.

பின்னால் வந்த பேராசிரியர்கள் இந்த வழக்கறிஞர் அளவுக்குத் தெளிவாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, அவை நாட்கணக்கும் வானியலும் மட்டுமே என்ற கருத்துத்தான் ஓங்கியிருந்தது. 1952இல் யூரி க்னோரோசோவ் அந்த எழுத்தில் ஒலி இருக்கிறது என்று காட்டினார். 1960இல் தத்தியானா புரொஸ்கூரியகோவ், கல்வெட்டுகளில் இருப்பவை அரசர்களின் பிறப்பும் முடிசூட்டும் என்று நிறுவினார். ஸ்டீபன்ஸ் சொன்னது சரியென்று ஆக நூற்றிருபது வருடம் எடுத்தது.

இவ்வளவு சரியாகப் பார்த்தவர் எதைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கேள்வி. கோப்பானை அவர் ஐம்பது டொலருக்கு வாங்கினார். சிலைகளை நியூயோர்க்குக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டார். பலேங்கேயையும் வாங்கப் பார்த்தார். உள்ளூர்ப் பெண்ணை மணந்தால் ஒழிய அந்நியருக்கு நிலம் கிடையாது என்று சட்டம் இருந்தது. அதை வைத்துப் பகிடி விட்டுக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போகிறார். முன்னோர்கள் கட்டினார்கள் என்று வாதாடும் அதே நூலில், அந்த முன்னோரின் பிள்ளைகள் மரம் வெட்டுகிறார்கள், சுமை தூக்குகிறார்கள், சொன்ன நேரத்துக்கு வராமல் கோபமூட்டுகிறார்கள். அவர்களிடம் ஆறுதலாக இருந்து எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரேயொரு இடம் விலக்கு. பலேங்கேக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு கதிரையை ஒருவரின் முதுகில் கட்டி, ஸ்டீபன்ஸை அதில் இருத்தித் தூக்கிப்போகிறார்கள். அவருக்குப் பாதை தெரியவில்லை; சுமப்பவரின் உடம்புதான் தெரிகிறது. ஒவ்வொரு மூச்சும், நெஞ்சு ஏறி இறங்குவதும், உடம்பு நடுங்குவதும் தனக்குத் தெரிவதாக எழுதுகிறார். சுமந்தவர் தானாக இறக்கிவிடும்வரை இருந்துவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொள்கிறார். விழுந்துவிடுவோம் என்ற பயமும் வெட்கமும் அதில் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று அவரே பிரித்துச் சொல்லவில்லை. நூல் முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி அதுதான். சில பக்கங்களுக்குப் பிறகு பழைய ஸ்டீபன்ஸ் திரும்பிவிடுகிறார்.

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் இந்தப் பயணத்தைப் பற்றி நானும் ஒரு கட்டுரை எழுதினேன். சுற்றுலாக் குழு இல்லாமல், வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போனேன் என்று பெருமையோடு தொடங்கியிருந்தேன். உண்மையில், விடியற்காலையில் பிழையான வானில் ஏறப்போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்திச் சரியான வானைக் காட்டியவர் தமாலே விற்ற ஒரு பெண். யாஷ்சிலானுக்குத் தெரு இல்லை. பிரொன்தேரா கொரோசால் என்ற ஊரிலிருந்து உசுமசிந்தா ஆற்றில் படகில் போகவேண்டும். இக்கரை மெக்சிகோ, அக்கரை குவாத்தமாலா. படகோட்டி என்னை இறக்கிவிட்டு, திரும்பிப்போகும்வரை கரையில் காத்திருந்தார்.

இடிபாடுகளுக்குள் நான் ஒரு வாசலின் மேற்கல்லில் செதுக்கியிருந்த எழுத்துகளைப் படமெடுத்துக்கொண்டு நின்றேன். கீழே ஆற்றங்கரையில் படகோட்டி இன்னொருவரோடு உரத்துப் பேசிச் சிரித்தார். காட்டின் அமைதி கெடுகிறதே என்று எரிச்சலாக இருந்தது. கட்டுரையில் அந்தச் சத்தத்தை வெட்டிவிட்டு, ‘மறைந்துபோன ஓர் இனத்தின் மௌனம்’ என்று எழுதினேன்.

அவர்கள் பேசியது சோல் மொழி. அந்தக் கற்களில் எழுதப்பட்டிருக்கும் மொழியும் சோலும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்று பிறகுதான் வாசித்தேன். மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சம் பேர். நான் தேடிப்போன மொழி எனக்குக் கேட்கிற தூரத்தில் பேசப்பட்டிருக்கிறது. நான் அதை இரைச்சல் என்று வெட்டியிருக்கிறேன்.

தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள பிராமி எழுத்துகளைத் தமிழென்று அடையாளம் காண 1920கள் வரை ஆகியது. அதற்கு முன் அவற்றை வாசிக்கத் தெரியாதிருந்ததால் நாங்கள் மறைந்துபோன இனமாகிவிடவில்லை. எங்களைப் பற்றி யாராவது அப்படி எழுதியிருந்தால் இதே சஞ்சிகைக்குக் கோபமாகக் கடிதம் எழுதியிருப்போம். ஆனால் இப்போது புலம்பெயர்ந்தோர் எழுதும் பயணக் கட்டுரைகள் பலவற்றில் ‘தொலைந்த நகரம்’, ‘மர்மமான மக்கள்’ என்ற சொற்கள் தயக்கமில்லாமல் வருகின்றன. கையில் ஒரு நல்ல கடவுச்சீட்டு வந்ததும் கண்ணும் மாறிவிடுகிறதோ என்று நினைக்கிறேன்.

ஸ்டீபன்ஸின் நூலை வாசிக்கத்தான் சொல்வேன். அவர் காலத்தின் குறைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனாலும் தன்னைச் சுமந்த ஆளின் மூச்சை அவர் நூலில் விட்டுவைத்திருக்கிறார். அந்தப் பந்தியை வெட்டியிருந்தால் நூல் இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் அவருக்கு நூற்றெழுபது வருடத்துக்கும் மேல் பிந்திப் போனவன். என் கட்டுரையில் படகோட்டி ஓர் இடத்திலும் இல்லை.