பரப்பை அளக்கும் கோள் விளைச்சலை அளக்குமா?

காவிரிப் படுகையில் சம்பா நடவு முடிந்து பயிர் தூர் கட்டும் நேரமும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நேரமும் ஒன்றுதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வானில் மேகம் விலகுவதே அரிது. சாதாரண கேமரா பொருத்திய செயற்கைக்கோள் எத்தனை முறை கடந்து போனாலும் பெரும்பாலும் மேகத்தைத்தான் படம் பிடிக்கும். எங்கே நெல் நிற்கிறது, எங்கே மூழ்கிக் கிடக்கிறது என்று அரசும் காப்பீட்டு நிறுவனமும் அறிந்தாக வேண்டிய வாரங்களில் இந்த நிலை.

அந்தத் தடையை உடைத்தது ரேடார். தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்வதால் அதற்கு மேகமும் தடையில்லை, இரவும் தடையில்லை. நெல்லுக்கும் ரேடாருக்கும் நல்ல பொருத்தமும் உண்டு. நடவுக்கு முன் சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல், கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் தள்ளிவிடும். படத்தில் அந்த வயல் கறுப்பாக விழும். நாற்று வேர் பிடித்துத் தூர் விட்டு வளர வளர, திரும்பி வரும் அலை கூடி வயல் வெளுத்துக்கொண்டே போகும். இந்த மாற்றத்தை வைத்தே நெல்லைப் பிற பயிர்களிலிருந்து பிரித்துவிடலாம், நட்ட தேதியைக்கூட ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் கோள் 2014-இல் ஏவப்பட்டது. ஒரு கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் திரும்பி வருகிறது. படங்களுக்குக் காசு கிடையாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து 'ரைஸ்' என்ற திட்டத்தின்கீழ் இத்தகைய படங்களிலிருந்து நெல் பரப்பு வரைபடங்களைத் தயாரித்தது. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. விதைப்பே பொய்த்துப்போன ஊர்களை அடையாளம் காண அப்போது இந்த வரைபடங்கள் கைகொடுத்தன. ஊர் ஊராக ஆள் அனுப்பி எடுக்க வேண்டிய கணக்கு மேசையிலேயே கிடைத்தது. ஒவ்வொரு சர்வே எண்ணையும் நேரில் பார்த்துத்தான் ஊரின் பயிர்ப் பதிவேடான அடங்கலை எழுத வேண்டும்; எல்லா ஊரிலும் அப்படி எழுதப்படுவதில்லை என்பது விவசாயிகள் அறிந்த சங்கதி. அதற்குப் பக்கத்தில் யாரும் திருத்தி எழுத முடியாத ஒரு பதிவு இருப்பது பெரிய பலம். இதைக் குறைத்து மதிப்பிட நியாயமே இல்லை.

சிக்கல் பரப்பைத் தாண்டி விளைச்சலுக்குப் போகும்போது தொடங்குகிறது.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஓர் ஊரின் மகசூலை முடிவு செய்வது பயிர் அறுவடைச் சோதனை. குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் நெல்லை அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். ஊருக்கு நான்கு சோதனை. அவை நடந்ததா, எங்கே நடந்தது, யார் நின்று பார்த்தார்கள் என்பதில் ஆண்டுதோறும் தகராறு. அதனால் 2023 காரீஃப் பருவத்திலிருந்து, நெல்லுக்குச் செயற்கைக்கோள் தரவிலிருந்து கணிக்கப்படும் மகசூலுக்குக் குறைந்தது 30 சதவீத மதிப்பு தர வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்தது.

ஆனால் கோள் நெல்மணியைப் பார்ப்பதில்லை. இலையும் தண்டும் எவ்வளவு தழைத்திருக்கின்றன என்பதைப் பார்க்கிறது; அதையும் வானிலைத் தரவையும் ஒரு கணினி மாதிரியில் போட்டு, இவ்வளவு விளைந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பால் பிடிக்கும் நேரத்தில் கதிர் பதராகிப் போனால், பச்சை மட்டும் குறையாமல் நிற்கும் வயல் மேலிருந்து நல்ல வயலாகவே தெரியும். புகையான் பூச்சி முதலில் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிரைக் காய வைக்கும். கேமரா பொருத்திய சென்டினல்-2 கோளின் ஒரு படப்புள்ளியே 10 மீட்டருக்கு 10 மீட்டர்; அதைவிடச் சிறிய வட்டம் அக்கம்பக்கத்துப் பச்சையோடு கலந்து மறைந்துவிடும். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் படுகையில் பருவம் தப்பிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற கதிர்களைச் சாய்த்தது. சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்தால் நெல் முளைத்துவிடும். அதுவரை மூன்று மாதம் செழித்த பயிரைப் பார்த்துப் போட்ட கணக்கு, கடைசி வாரத்து நாசத்தை எப்படிப் பிடிக்கும்?

பரப்புக் கணக்கிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. கடைமடையில் வாய்க்கால் தண்ணீரை நம்ப முடியாமல் புழுதியிலேயே நேரடியாக விதைப்பவர்கள் ஏராளம். அந்த வயல்களில் தொடக்கத்துக் கறுப்பே இராது. ரேடாருக்கு அடையாளம் மங்கிப்போகிறது. மழையையும் வெள்ளத்தையும் அதிகம் அஞ்ச வேண்டியவர்கள் இந்தக் கடைமடைக்காரர்கள்தாம்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கே பேச வேண்டும். செயற்கைக்கோள் வந்துவிட்டால் தன் வயல் தனியாகக் கணக்கில் வரும் என்று பல விவசாயிகள் எண்ணுகிறார்கள். நெல்லுக்குக் காப்பீட்டின் அலகு ஊர். ஊர்ச் சராசரி தப்பித்தால், ஒருவருடைய இரண்டு ஏக்கர் முழுதும் போனாலும் மகசூல் இழப்பீடு வராது. இது விதியின் குறை. எவ்வளவு கூர்மையான கேமராவாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

கோளின் கணக்கே அரசின் வெற்றி தோல்விக்கு அளவாகும்போது என்ன ஆகும் என்பதைப் பஞ்சாப் காட்டுகிறது. அங்கே நெல் அறுத்தபின் வைக்கோல் தாளை எரிப்பதைச் செயற்கைக்கோள் மூலம் எண்ணுகிறார்கள். செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை 2021-இல் 71,304 ஆக இருந்த தீ நிகழ்வுகள், 2024-இல் 10,909 ஆகக் குறைந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. எண்ணும் முக்கியக் கோள்களான அக்வாவும் சுவோமி என்பிபியும் அப்போது பகல் ஒன்றரை, இரண்டு மணி வாக்கில் கடந்து போயின. நாசாவில் பணியாற்றும் ஹிரேன் ஜெத்வா, கொரியாவின் புவிநிலைக் கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படங்களைப் பார்த்தபோது, கோள்கள் போன பிறகு பிற்பகலில் தீ பெருகுவது தெரிந்தது. எரிந்த வயலின் கருமையை அளந்த ஆய்வுகளிலும் பரப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. டெல்லிவாசிகளின் நுரையீரலுக்குள் போகும் புகை கோள் கடக்கும் நேரம் பார்த்து வருவதில்லை. அபராதமும் வழக்கும் ஒரு குறிப்பிட்ட நேரத்துப் படத்தைச் சார்ந்து நின்றால், மக்கள் அந்த நேரத்தைத் தவிர்க்கப் பழகிக்கொள்வார்கள். குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல, அந்த ஓர் எண்ணை முழு உண்மையாக அறிவித்தவர்களுடையதும்தான்.

1970-இல் கேரளத்தில் பி.ஆர்.பிஷாரடியின் குழு ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்துத் தென்னை வாடல் நோயைக் கண்டறிய முயன்றதிலிருந்து இந்தியாவின் தொலையுணர்வு தொடங்குகிறது. வானத்துப் படத்தைத் தரையில் நிற்கும் மரத்தோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் கிடைக்கும் என்பது அன்றைக்கே இத்துறையின் பாலபாடம். இன்று கோள்கள் பெருகிவிட்டன. 2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் கோள், 12 நாளுக்கு ஒருமுறை இரண்டு அலைவரிசை ரேடார் படம் தருகிறது. படம் பெருகும் வேகத்தில் வயலில் இறங்கிச் சரிபார்ப்பவர்களும் பெருக வேண்டும். தொழில்நுட்பம் வந்துவிட்டது என்று சொல்லி அறுவடைச் சோதனைகளைக் குறைப்பது, சரிபார்க்க இருக்கும் ஒரே வழியையும் அடைப்பதாகும்.

தமிழக அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் அடுத்த சம்பாவுக்குள் ஒன்றைச் செய்யலாம். இழப்பீடு அறிவிக்கும் முன், அந்த ஊரின் நெல் பரப்பு வரைபடத்தையும் கணிக்கப்பட்ட மகசூலையும் அறுவடைச் சோதனை எடைகளையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டட்டும். ஆட்சேபம் சொல்ல 15 நாள் தரட்டும். ஆட்சேபம் வந்த வயலுக்கு வேளாண் அலுவலர் நேரில் போய்ப் பார்க்கட்டும்.