தவறே செய்யாத நாயகன்: எம்.ஜி.ஆரின் நடிப்புக் கொள்கை

1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று வென்ற தொகுதி அருப்புக்கோட்டை. நெசவும் தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடும் இந்த மண் அவரைத் தன் ஆளாகவே ஏற்றது. அந்த நம்பிக்கையை வளர்த்தது அவர் திரையில் பிடிவாதமாகக் காத்த ஒரு கொள்கை. நாயகன் ஒழுக்கம் தவறக் கூடாது, தாயை மதிக்க வேண்டும், எளியவருக்காகச் சண்டையிட வேண்டும்.

அக்கொள்கையின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1936இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் அறிமுகமானவர், 1947இல் 'ராஜகுமாரி'யில்தான் நாயகனானார். வறுமையும் காத்திருப்பும் அறிந்த அவர், 'படகோட்டி'யில் மீனவராகவும் 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷா ஓட்டுபவராகவும் வந்தபோது உழைப்பவர் தலை நிமிர்ந்தார். கூலி வேலை செய்பவனும் நேர்மையால் உயர்ந்தவன் என்பதை இத்தனை தெளிவாகச் சொன்ன நடிகர் தமிழில் வேறில்லை. வாள்வீச்சிலும் நடையிலும் இருந்த துல்லியம், டென்ட் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் அதைக் கொண்டு சேர்த்தது.

ஆனால் தவறே செய்யாதவனுக்குத் தடுமாற்றம் இல்லை. தடுமாற்றம் இல்லாத இடத்தில் நடிப்புக்கு வேலை குறைவு. இதை அவரும் உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் கோழைத்தனத்துக்கு ஒருவன், வீரத்துக்கு மற்றொருவன் என இரட்டை வேடம். 'ஒளி விளக்கு' படத்தில் குடித்துவிட்டு நிற்கும் நாயகனை அவனுடைய மனசாட்சியே எதிரில் வந்து கண்டிக்கிறது. பலவீனத்தைக் காட்ட வேண்டிய போதெல்லாம் அவர் தம்மை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்.

விதிவிலக்கு 1969இன் 'அடிமைப் பெண்'. கூண்டில் வளர்ந்து, முதுகு வளைந்து, பேச்சறியாமல் நிற்கும் வேங்கையனுக்குப் பேசக் கற்றுத் தருபவள் ஒரு பெண். அந்தப் பகுதியில் அவர் காட்டிய உடல்மொழி மிக உயர்ந்தது. முதுகு நிமிர்ந்ததும் பழைய நாயகன் திரும்பிவிடுகிறான். 'பெரிய இடத்துப் பெண்' போன்ற படங்களிலோ நாயகனே பெண்ணின் திமிரை அடக்குகிறான். தவறாத ஆணின் எதிரே பெண்தான் எப்போதும் திருந்த வேண்டியவள் ஆகிறாள்.

மற்றொரு குறை சமூகம் சார்ந்தது. அவர் படங்களில் சுரண்டலுக்கு ஒரு முகம் உண்டு. பெரும்பாலும் அது வில்லன் நடிகர் எம்.என். நம்பியாருடையது. அவரை வீழ்த்தினால் துயரம் தீர்ந்தது. ஆனால் அருப்புக்கோட்டை வட்டாரத்தின் துயரம் அப்படிப்பட்டதல்ல. பட்டாசு ஆலை வெடிக்கும்போது மருந்துக் கலவையில் கவனக்குறைவு, உள்குத்தகை, அவசரப்படுத்தும் துண்டுக்கூலி, தளர்ந்த கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தே உயிரைப் பறிக்கின்றன. ஒற்றை வீரனால் அதைத் தீர்க்க முடியாது. தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்டால்தான் வழி பிறக்கும். அவர் படங்களில் மக்கள் பெரும்பாலும் நாயகனுக்காகக் காத்திருப்பவர்களே.

அவர் தந்த தன்மானம் உண்மையானது. அதை மறுப்பவர்கள் உழைப்பவரின் மனதை அறியாதவர்கள். ஆயினும் வளைந்த முதுகையும் அத்தனை உண்மையோடு நடிக்கத் தெரிந்தவர், அச்சமும் பிழையும் உள்ள சாதாரண மனிதனை இன்னும் பலமுறை நடித்திருக்க வேண்டும். நம்மைப் போல் தடுமாறி எழும் ஒருவனைக் கண்டிருந்தால், காப்பாற்ற ஒருவர் வருவார் என்ற பழக்கத்தைவிட நாமே எழலாம் என்ற துணிவு ரசிகருக்குக் கூடியிருக்கும்.